கள்ளிக்குடி பக்கம் கரிசக்காட்டுல 40 சென்ட், வீடு கட்டப் போறோம், பிளான் ரெடி, ஆலோசனை சொல்லுங்க

கள்ளிக்குடி கதிர்
எல்லாருக்கும் வணக்கம். கள்ளிக்குடியில இருந்து உள்ள போற ஊரு எங்களது. தாத்தா காலத்து நிலம் 40 சென்ட் தார் ரோட்ட விட்டுக் கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு, புஞ்சை, முன்ன பருத்தியும் சோளமும் போட்டது இப்ப கருவேலம் மொளச்சு சும்மா கெடக்கு. நான் கோயம்புத்தூர்ல வேலை, அப்பா சீக்கிரம் ரிட்டயர்டு ஆகுறாரு, அவங்க ரெண்டு பேரும் ஊர்ல வந்து இருக்கத்தான் இந்த வீடு. 1,600 சதுர அடி, ஒரே தளம், நடுவுல முற்றம், முன்னாடி திண்ணை, ரெண்டு பெட்ரூம், எல்லாம் நாங்களா ஒக்காந்து யோசிச்சு வரஞ்சது. மதுரையில ஒரு காண்ட்ராக்டர் சதுர அடிக்கு 2,350 சொல்றாரு, த்ரீடி எலிவேஷன் கூட போட்டுக் குடுத்துட்டாரு, பாக்க சூப்பரா இருக்கு.
கேள்வி ரெண்டே ரெண்டுதான். தூண் போட்டு ஃப்ரேமா கட்டணுமா இல்ல செவுரு மேலயே ரூஃப் போட்டா போதுமா? காண்ட்ராக்டர் தூணெல்லாம் வேணாம் காசு மிச்சம்ங்கிறாரு. அப்புறம் முற்றத்துக்கு மேல வெறும் கிரில்லா, கிரில் மேல பாலிகார்பனேட் ஷீட்டா?

பேஸ்மட்டம் பாண்டி
தம்பி, முற்றத்துக்கு மேல என்னங்கிறது கடைசியில பாத்துக்கலாம். கீழ என்ன மண்ணு? கள்ளிக்குடி பக்கம்னா நல்ல கரிசலாத்தான் இருக்கும். எத்தனை அடிக்கு கரிசல்? குழி தோண்டிப் பாத்தாரா அந்த காண்ட்ராக்டர்?

கள்ளிக்குடி கதிர்
குழியெல்லாம் தோண்டலண்ணே. வந்து பாத்தாரு, மண்ண கைல அள்ளிப் பாத்தாரு, நாலு அடி போதும்னாரு.

பேஸ்மட்டம் பாண்டி
கைல அள்ளிப் பாத்து சொல்றதுக்கு அவரு என்ன வெத யாவாரியா. கொஞ்சம் விளக்கமா சொல்றேன் பொறுமையா படிங்க.
கரிசல் மண்ணுக்குள்ள இருக்குற களி தண்ணியக் குடிச்சா ஊதும், காஞ்சா சுருங்கும். சித்திரை வைகாசில உங்க காட்டுல போய் நின்னு பாருங்க, கை நுழையிற அளவுக்கு வெடிப்பு இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில அந்த வெடிப்பு பூராம் மூடிக்கும். மூடுறப்ப சும்மா மூடாது, மேல இருக்குறதத் தூக்கும். வீட்டுக்கு நடுவுல மழை படாதுல்ல, அங்க மண்ணு ஒரே ஈரத்துல இருக்கும், ஓரத்துல மட்டும் வருஷம் ஒருக்கா தூக்கி வருஷம் ஒருக்கா எறக்கும். அதனாலதான் ஜன்னல் மூலையில இருந்து சாய்வா வெடிப்பு ஓடுது. நம்பலைன்னா உங்க காட்டச் சுத்தி இருக்குற பம்ப்செட் ரூமப் போய் பாருங்க, பத்து ரூம் பாத்தா எட்டுல கதவு நெலைக்கு மேல விரிசல் இருக்கும். சோதனைக்கு காசு குடுக்குறதுக்கு முந்தி இத ஓசியில பாத்துரலாம்.
அப்புறம் சோதனை. ஃப்ரீ ஸ்வெல்னு ஒண்ணு. சலிச்ச காஞ்ச மண்ணு 10 கிராம் ஒரு அளவு ஜாடில தண்ணியில, இன்னொரு 10 கிராம் மண்ணெண்ணெயில போட்டு 24 மணி நேரம் வப்பாங்க. மண்ணெண்ணெயில களி ஊதாது, தண்ணியில ஊதும், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. 50 சதவீதத்துக்கு மேல போச்சுன்னா சூதானமா இருக்கணும், 100 தாண்டுச்சுன்னா சாதா அஸ்திவாரம் பேச்சே கெடையாது. மதுரையில பிரைவேட் லேப் இருக்கு, இன்ஜினியரிங் காலேஜ் லேபுலயும் செஞ்சு குடுப்பாங்க. நீங்க சொல்ற வீட்டுச் செலவுல இது ஒரு தூசி.
மண்ணு தெரியாம தூண் வேணுமா வேணாமான்னு நான் சொன்னா அது ஜோசியம்.

கொத்தனார் மகன்
பாண்டிண்ணே சொல்றது சரிதான் ஆனா ரொம்ப பயமுறுத்தாதீங்க. எங்கய்யா கல்லுப்பட்டி பக்கம் பூராம் கரிசல்லதான் வேலை பாத்தாரு. கரிசல தோண்டி வெளிய தள்ளிட்டு கிராவல் அடிச்சு அடுக்கடுக்கா தண்ணி விட்டு திமுசு போட்டு, மேல பெல்ட் போட்டு கட்டுன வீடெல்லாம் இன்னைக்கும் நிக்கிது. எல்லாத்துக்கும் பைல்தான், ஆழமா ஓட்டை போட்டு கான்கிரீட் தூண் எறக்கணும்னா ஏழை பாழை எங்க போவான்.

பேஸ்மட்டம் பாண்டி
நான் பைல்தான்னு சொல்லவே இல்லையேப்பா. கரிசல் 4 அடி 5 அடியில முடிஞ்சு கீழ சுக்கானோ (வெள்ளையா கெட்டியா இருக்குற சுண்ணாம்புத் தரை) பாறையோ வந்துருச்சுன்னா நீ சொல்றதுதான் சரி, தோண்டி கெட்டித் தரையில புட்டிங் (அஸ்திவாரப் பாதம்) வச்சு சுத்தி கிராவல் ரொப்பிட்டுப் போயிரலாம். 10 அடிக்கும் கரிசலே போச்சுன்னா? அத்தனையும் அள்ளி கிராவல் ரொப்புற செலவுல பைலே போட்ரலாம்.
அண்டர் ரீம் பைல்னு பேரு, ரூர்க்கியில இருக்குற மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இந்த மாதிரி மண்ணுக்காகவே கொண்டாந்தது. ஒரு அடி விட்டத்துல 11, 12 அடிக்கு ஓட்டை போட்டு, அடியில மட்டும் குடம் மாதிரி ரெண்டரை மடங்கு அகலமாக்கி கம்பி கட்டி கான்கிரீட் போடுவாங்க. மேல மண்ணு என்ன ஆட்டம் ஆடுனாலும் அடியில ஈரம் மாறாத எடத்துல அது கவ்விக்கிட்டு நிக்கும். இதுல ரொம்பப் பேரு கோட்ட விடுறது ஒண்ணு இருக்கு: பைல் தலைய சேத்துப் போடுற பிளிந்த் பீமுக்கு அடியில ஒரு மூணு இஞ்சு இடைவெளி விடணும். மண்ணு ஊதுறதுக்கு அந்த எடம். மேஸ்திரி அத கான்கிரீட்டோ மண்ணோ போட்டு அடைச்சுட்டாருன்னா பைல் போட்டதே வீண், மண்ணு பீமத் தூக்கும்.

சர்வே மாமா
மண்ணுக்கு முந்தி ஒண்ணு கேக்குறேன். தம்பி, "ரோட்ட விட்டுக் கொஞ்சம் உள்ள தள்ளி"ன்னு எழுதிருக்கீங்களே, அந்தக் கொஞ்சத்துல என்ன இருக்கு? யாரு நிலம் அது? பாதை எஃப்எம்பி ஸ்கெட்ச்ல, அதான் சர்வே டிபார்ட்மெண்ட் நில அளவுப் படத்துல, இருக்கா? பட்டா யாரு பேர்ல?
நான் சர்வே டிபார்ட்மெண்ட்ல இருந்து ரிட்டயர்டு ஆனவன். உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம்னு சங்கிலி இழுத்தவன். வீடு பாதியில நின்ன கேஸ நான் பாத்தது பூராம் மண்ணால நின்னது இல்ல, பாதையாலயும் பங்காளியாலயும் நின்னது.

கள்ளிக்குடி கதிர்
மாமா, நடுவுல ரெண்டு பேரு காடு இருக்கு. வரப்ப ஒட்டி காலங்காலமா எல்லாரும் போற வண்டிப்பாதைதான், யாரும் ஒண்ணும் சொன்னது இல்ல. பட்டா இன்னும் தாத்தா பேரும் சின்ன தாத்தா பேரும் கூட்டா இருக்கு, 0.32ன்னு போட்ருக்கு, அதுல பாதி எங்களதுன்னு அப்பா சொல்லுவாரு. அத்தைங்க ரெண்டு பேரு, அவங்களுக்கு கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு.

சர்வே மாமா
அப்ப எலிவேஷனெல்லாம் எடுத்து பீரோவுல வைங்க.
ஒவ்வொண்ணா சொல்றேன். பட்டாவுல 0.32ங்கிறது ஹெக்டேர். 32 ஏர், ஒரு ஏர் 2.47 சென்ட், அப்ப மொத்தம் 79 சென்ட். பாதின்னா 39 சென்ட்டு சொச்சம். கணக்கு சரி. ஆனா எந்தப் பாதி? வடக்கா தெக்கா? வாயால பிரிச்சது பட்டாவுல ஏறாது. சின்ன தாத்தா வாரிசுகளோட பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டு, உட்பிரிவுக்கு மனு குடுத்து, சர்வேயர் வந்து அளந்து கல்லு ஊனி, தனிப்பட்டா வாங்குங்க. குடும்பத்துக்குள்ள பாகப்பிரிவினைக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான், அதுக்கும் மேல்வரம்பு உண்டு. வெளியாளுக்கு விக்கிற கிரயத்துக்குத்தான் முத்திரை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும்.
அத்தைங்க விசயம். "கல்யாணத்துலயே செஞ்சாச்சு"ங்கிறது பந்தியில பேசுறது, பத்திரத்துல நிக்காது. தாத்தா சொந்தமா வாங்குன நெலம், உயில் எழுதாம போயிட்டாருன்னா 1956 வாரிசுரிமைச் சட்டப்படியே பொம்பளப் பிள்ளைக்கும் சம பங்கு. பூர்வீகம்னா 2005 திருத்தம் இருக்கு, தமிழ்நாட்டுல 1989லயே ஒண்ணு வந்துச்சு. அவங்க மனசாரக் குடுக்குறாங்கன்னா விடுதலைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிக்கங்க. கையில ஏதாவது குடுத்து மரியாதையாப் போய் கேளுங்க, போன்ல கேக்காதீங்க.
பாதை. "யாரும் ஒண்ணும் சொன்னது இல்ல"ங்கிறது நீங்க மாட்ட ஓட்டிட்டுப் போற வரைக்கும். ஜல்லி லாரி போகட்டும், அன்னைக்கு சொல்லுவாங்க. வண்டிப்பாதைன்னு எஃப்எம்பிலயோ கிராம வரைபடத்துலயோ இருந்தா பிரச்சனை இல்ல. இல்லைன்னா அந்த ரெண்டு பேர்ட்டயும் பாதை உரிமை எழுதி வாங்கி ரிஜிஸ்டர் பண்ணணும், அகலம் எத்தனை அடின்னு போடணும். 20 வருஷம் தடையில்லாம நடந்தா உரிமைன்னு 1882 வசதியுரிமைச் சட்டத்துல இருக்குதான், ஆனா அத கோர்ட்ல நிரூபிச்சு முடிக்கிறதுக்குள்ள உங்கப்பாவுக்கு எண்பது ஆயிரும்.

ஷார்ஜா செல்வம்
சர்வே மாமா பதிவ ஸ்கிரீன்ஷாட் எடுத்து குடும்ப குரூப்ல போட்டேன். ஒரே அமைதி 😂

நக்கல் நாயகம்
கரிசக்காட்டுல 40 லட்சத்தப் போட்டு வீடு கட்டி நாளைக்கு விக்கணும்னா செங்கல் காசு கூட வராது. அதே காசுக்கு ஒத்தக்கடை, நாகமலைப் பக்கம் அப்ரூவ்டு பிளாட் வாங்கிப் போட்டீங்கன்னா டபுளாகும். சென்டிமென்ட்டு சோறு போடாது பாஸ்.

கள்ளிக்குடி கதிர்
விக்கிறதுக்கு கட்டலங்க. அப்பா பொறந்த ஊரு.

ஷார்ஜா செல்வம்
அனுமதி விசயத்துல ஒரு நல்ல செய்தி, இப்ப சுயசான்றுன்னு வந்துருச்சு, 2024 ஜூலையில ஆரம்பிச்சாங்க, ஆன்லைன்ல ஒற்றைச் சாளரத்துல பணத்தக் கட்டுனா உடனே பிளான் அனுமதி, யாரும் வந்து பாக்கக்கூட மாட்டாங்க. கதிர் தம்பி அதுல போட்ருங்க.

சர்வே மாமா
செல்வம், அது மனை 2,500 சதுர அடிக்குள்ள, கட்டடம் 3,500 சதுர அடிக்குள்ள இருக்கணும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 40 சென்ட் 17,424. அதுல வராது. இவருக்கு வழக்கமான வழிதான், அதே ஒற்றைச் சாளரத்துல ஊராட்சிக்கு விண்ணப்பம். அதுக்கு முந்தி நிலம் புஞ்சையில இருந்து வீட்டு உபயோகத்துக்கு மாத்துறது இருக்கு. புஞ்சைங்கிறதால பரவால்ல, நஞ்சைன்னா வேளாண்மைத் துறை, கலெக்டர் ஆபீஸ்னு அலையணும். அனுமதி இல்லாம கட்டிட்டு பேங்க் லோனுக்குப் போய் நின்னா மேனேஜர் டீ கூட குடுக்க மாட்டாரு.
இன்னொண்ணு, பக்கத்துல ஓடையோ கண்மாய் உள்வாயோ இருக்கான்னு கிராம வரைபடத்துல பாருங்க. பத்து வருஷம் தண்ணி வரலைன்னா எல்லாருக்கும் மறந்துரும். கண்மாய்க்கு மறக்காது.

மேலூர் மதினி
ரொம்ப நேரமா படிச்சுக்கிட்டே இருக்கேன். ஆம்பளைங்க எல்லாரும் மண்ணு, கல்லு, பட்டான்னு பேசுறீங்க சரி. கதிர் தம்பி, உங்கம்மாட்ட கேட்டீங்களா?
நாங்க மேலூர் பக்கம் தோட்டத்துல வீடு கட்டி இருக்கோம். செம்மண்ணு, நாலு அடியில பாறை, அஸ்திவாரத்துக்கு ஒரு கவலையும் இல்ல. வீடும் நல்லா இருக்கு, கேரளாவுல கொறஞ்ச செலவுல வீடு கட்டுன ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் மொறையில எலிப்பொறிக் கட்டு செங்கல்ல கட்டி மேல ஓடு போட்டது, செவுருக்குள்ள காத்து இடைவெளி இருக்குறதால மே மாசத்துலயும் உள்ள வந்தா வெயிலு தெரியாது, செங்கல்லும் கால்வாசி மிச்சம். ஆனா வீடு நல்லா இருக்குறது வேற, அதுல இருக்குறது வேற. எங்க வீட்டுக்காரரு வெளிய போயிட்டா பேச்சுத்தொணைக்கு மயிலுதான். பால்காரர் வரமாட்டாரு. வேலைக்கு ஆள் வராது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல டார்ச் இல்லாம வாசல்ல கால் வைக்க முடியாது, பாம்பு. கேஸ் சிலிண்டர்காரரு ரோட்டோட எறக்கிட்டுப் போயிருவாரு. எனக்கு நாப்பத்தஞ்சு வயசு, சமாளிக்கிறேன். உங்கம்மாவுக்கு?
உங்க ஊர்ல மழைக்கு கரிசக்காட்டுல வண்டி போகுமா முதல்ல? ராத்திரி நெஞ்சு வலின்னா 108 வண்டி எதுவரைக்கும் வரும்?

கொத்தனார் மகன்
மதினி சொன்னது நெசம். கரிசல்ல ஒரு மழை பேஞ்சுச்சுன்னா பைக் சக்கரம் சுத்தாது, மக்காடுல மண்ணு அப்பி அப்டியே நின்னுரும். செருப்புல ரெண்டு கிலோ ஒட்டிக்கும். வீடு கட்டுறதுக்கு முந்தி பாதைக்கு கிராவல் அடிச்சே ஆகணும், இல்லைன்னா மெட்டீரியல் எறக்கவே தனிக் காசு, லாரிக்காரன் ரோட்டுல தட்டிட்டுப் போயிருவான், அங்கிருந்து டிராக்டர் வச்சு உள்ள ஓட்டணும். அந்தச் செலவு 2,350ல இருக்கான்னு கேளுங்க. இருக்காது.
இன்னும் கேளுங்க: பேஸ்மட்டம் எத்தனை அடி வரைக்கும் ரேட்டுல வருது, செப்டிக் டேங்க், தண்ணித் தொட்டி, காம்பவுண்டு இதெல்லாம் தனியா, சதுர அடிங்கிறது திண்ணை சன்ஷேடு எல்லாம் சேத்தா இல்ல செவுத்துக்கு செவுரா, முற்றம் ஓபனா கெடக்கு அதுக்கும் காசு போடுறாரா. எழுத்துல வாங்குங்க. எம் சாண்ட் வெலை ஏறுனா யாரு பொறுப்புன்னும் எழுதிக்கங்க, 2025 ஏப்ரல்ல கனிம வரி வந்து கிரஷர்காரங்க ஸ்ட்ரைக் பண்ணப்ப பாதி சைட்டு அப்டியே நின்னுச்சு. அதே மாதிரி செப்டம்பர்ல சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18க்கு எறங்குச்சு, அத எந்த காண்ட்ராக்டரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு.

பேஸ்மட்டம் பாண்டி
தண்ணியப் பத்தி யாருமே பேசல. கள்ளிக்குடி, திருமங்கலம் சைடுல நெறைய எடத்துல போர் தண்ணி உப்பு. குடிக்கிறதுக்கு மட்டும் இல்ல, கான்கிரீட்டுக்கும் ஆகாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு கலக்குற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் தாண்டக்கூடாதுன்னு கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456ல இருக்கு, சல்பேட் 400. உப்புத் தண்ணியில போட்ட ரூஃப் உடனே ஒண்ணும் காட்டாது, கம்பி துருப்பிடிச்சு பத்து வருஷம் கழிச்சு சீலிங்க்ல இருந்து பொரை பொரையா விழும். அதனால வீட்டுக்கு முந்தி போர் போடுங்க, தண்ணிய குடிநீர் வடிகால் வாரிய லேபுல குடுத்துப் பாருங்க. தண்ணி உப்பா இருந்தா டேங்கர் காசையும் எஸ்டிமேட்ல சேருங்க. கரண்ட்டும் அப்டித்தான், பக்கத்துக் காட்டு இலவச விவசாய கனெக்‌ஷன்ல இருந்து ஒயர் இழுத்து மிக்ஸர் ஓட்டலாம்னு யாராவது யோசனை சொல்லுவாங்க, கேக்காதீங்க, கரண்ட் திருட்டப் புடிக்கிற ஈபி ஸ்குவாடு வந்தா கனெக்‌ஷன் குடுத்தவருக்கும் சேத்து ஆப்பு. டெம்பரவரி சர்வீஸ் வாங்குங்க.
செப்டிக் டேங்க்கும் கரிசல்ல தலைவலி. உறிஞ்சுகுழி உறிஞ்சாது, களி மண்ணு தண்ணிய உள்ள விடாது, மழைக்காலத்துல திரும்பி வீட்டப் பாத்து வரும். கழிவு தண்ணிய நீளமா ஒரு கிராவல் பள்ளத்துல விட்டு வாழை, கல்வாழை வச்சா இலை வழியா கொஞ்சம் ஆவியாப் போகும். அத வீட்டு அஸ்திவாரத்துல இருந்து நல்லாத் தள்ளி வைங்க, ஒரு பக்கம் மட்டும் எந்நேரமும் ஈரமா இருந்தா அந்தப் பக்கம் மட்டும் தூக்கும்.

நக்கல் நாயகம்
இவ்வளவு படிச்சதுக்கு அப்புறமும் கட்டுவேன்னா நீங்க மனுஷனே இல்ல தெய்வம்.

வாஸ்து வாசன்
நிலத்துக்கு ஈசானியம் எப்டி இருக்குன்னு யாரும் கேக்கல. முற்றம் பிரம்மஸ்தானத்துல வருதான்னு பாக்கணும். மனையடி சாஸ்திரப்படி அறை அளவு 10, 11, 16, 17...

பேஸ்மட்டம் பாண்டி
சார், ஈசானியத்துல கரிசல் எத்தனை அடின்னு சாஸ்திரத்துல இருந்தா சொல்லுங்க, குழி வெட்டுற காசு மிச்சம்.

மேலூர் மதினி
சண்ட வேணாம். மனையடி பாக்குறவங்க பாத்துட்டுப் போகட்டும், ரூம் ஒரு அடி கூடக்கொறைய ஆனா ஒண்ணும் கொறஞ்சு போயிராது. மேக்க மட்டும் படுக்குற ரூம் வைக்காதீங்க, சாயங்கால வெயில் பூராம் செவுத்துல ஏறி ராத்திரி பன்னெண்டு வரைக்கும் அனலடிக்கும். மேக்க ஸ்டோர் ரூம், பாத்ரூம், மாடிப்படி இதுகள வைங்க. பாத்ரூம் கதவு மூணு அடியாவது வைங்க, வாசல்ல இருந்து படி இல்லாம ஒரு சரிவும் வைங்க, வயசானவங்க வீடு.

கள்ளிக்குடி கதிர்
கொஞ்ச நாளா பதில் போட முடியல, மன்னிக்கணும். ஊருக்குப் போயிருந்தேன். நடந்தத சொல்றேன்.
மதினி கேட்டத அம்மாட்ட கேட்டேன். "இப்பவாவது கேட்டியே"ன்னாங்க. அவங்களுக்கு காட்டுல இருக்க இஷ்டமே இல்லையாம், அப்பாவோட ஆசைங்கிறதால சும்மா இருந்திருக்காங்க. ஊருக்குள்ள அப்பத்தா இருந்த ஓட்டு வீடு இடிஞ்சு கெடக்கு, நாலு சென்ட், நத்தம், அப்பா பேர்லயே நத்தம் பட்டா இருக்கு, அதுல கட்டுனா போதும், எதுத்தாப்புல மாரியம்மன் கோயிலு, பக்கத்துல சித்தி வீடு, கடை இருக்கு, பஸ் இருக்குங்கிறாங்க. அப்பாவுக்கு முகமே இல்ல. காட்டுல வீடு கட்டி முன்னாடி வேம்பு வச்சு ஈசிசேர்ல ஒக்காரணும்னு அவருக்கு கனவு.
பம்ப்செட் ரூமும் பாத்தேன் பாண்டிண்ணே. நாலு பாத்தேன், மூணுல நீங்க சொன்ன மாதிரியே மூலையில இருந்து விரிசல். குழியும் தோண்டுனோம். காட்டுல ஜேசிபி வச்சு பத்து அடி போயும் கரிசல்தான், கடைசி வரைக்கும் கருப்பு. நத்தத்துல நாலு அடிக்குக் கீழயே வெள்ளையா கெட்டியா கடப்பாறை போகாத மாதிரி வந்துருச்சு.
அத்தைங்க ரெண்டு பேரும் கையெழுத்து போடுறேன்னுட்டாங்க. பெரியத்தை மட்டும் "எனக்கு ஒரு ரூம் இருக்கணும்டா, நான் பொறந்த ஊருக்கு வந்தா எங்க தங்குவேன்"னாங்க.

சர்வே மாமா
பெரியத்தைக்கு ரூம் போடுங்க. அதான் நான் கேட்டதுலயே மலிவான விடுதலைப் பத்திரம்.
நத்தம் நாலு சென்ட்டுன்னா 1,742 சதுர அடி. அளவுக் கணக்குல சுயசான்றுக்குள்ள வந்துரும். செல்வம் சொன்னது வேற எடத்துக்குப் பலிச்சிருச்சு. நத்தம் ஸ்கெட்ச் எடுத்து நாலு பக்க அளவும் டேப் வச்சு சரிபாருங்க, ஊருக்குள்ள பக்கத்து வீட்டு செவுரு அரை அடி உள்ள வந்துருக்கும், அத இடிஞ்ச வீட்டு மேடு இருக்கும்போதே பேசித் தீத்துக்கணும்.

பேஸ்மட்டம் பாண்டி
நீங்க சொல்ற வெள்ளை சுக்கான். அருமை. பழைய ஆளுங்க ஊர எங்க வச்சாங்க பாத்தீங்களா, மேட்டுல, கெட்டித் தரையில. காட்ட வெள்ளாமைக்கு விட்டாங்க.
அப்ப இப்டி பண்ணுங்க. நாலரை அஞ்சு அடி தோண்டி சுக்கான்ல புட்டிங், தூண் போட்ட ஃப்ரேம். மேல நாலு அடி கரிசல் இருக்குல்ல, அதனால தரைமட்டத்துல பீம் ஓடட்டும், பீமுக்கு அடியில நான் சொன்ன இடைவெளி இங்கயும் விடுங்க. தோண்டுன கருப்பு மண்ண திரும்ப உள்ள போடவே கூடாது, கிராவல் மட்டும். ரூமுக்குள்ள ரொப்புறதும் கிராவல்தான், கொத்தனார் காசு மிச்சம்னு கருப்ப உள்ள தள்ளுவாரு, பக்கத்துல நில்லுங்க. வீட்டச் சுத்தி எடம் இருக்குற பக்கமெல்லாம் மூணு அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவா கான்கிரீட் பட்டை, மழைத்தண்ணி செவுத்தோரம் நிக்கக்கூடாது. மழைநீர் சேகரிப்பு 2003ல இருந்து கட்டாயம்தான், உங்களுக்கு சம்ப்ல புடிச்சு குடிக்க வச்சுக்கிறதுதான் லாபம், ஊரு தண்ணி உப்புன்னா இத விட நல்ல தண்ணி கெடைக்காது.
1,600 சதுர அடி அந்த எடத்துல வராது. பக்கம் விட்டது போக ஆயிரம் கீழயும் மேல ஒரு ரூமும் பாருங்க. முற்றம் சின்னதா எட்டுக்கு எட்டு வைங்க போதும்.

ஷார்ஜா செல்வம்
அப்ப அந்த 40 சென்ட்?

கள்ளிக்குடி கதிர்
அப்பா அத விட மாட்டேங்கிறாரு. வீடு ஊருக்குள்ள, காட்டுல ஒரு ஷெட்டு, நாலு தூண் தகரம், கீழ கல்லு பாவி, ஒரு கட்டில்னு பேசி முடிச்சிருக்கோம். பாகப்பிரிவினையும் பாதையும் மாமா சொன்ன மாதிரி எழுதிட்டுத்தான் அதுவும். சின்ன தாத்தா மகன் சென்னையில இருக்காரு, அவரு வந்தாத்தான் நடக்கும்.
பழைய காண்ட்ராக்டர்ட்ட சொன்னேன், எலிவேஷனுக்கு தனியா காசு கேக்குறாரு 🙂

மேலூர் மதினி
வேம்ப ஷெட்டுகிட்ட வைக்கச் சொல்லுங்க அப்பாவ, ஊருக்குள்ள வீட்டு செவுத்தோரம் வேணாம். பழைய ஓடு நல்லா இருந்தா எடுத்து வைங்க, வாசக்கால், கதவு, உத்தரம் எதையும் ஜேசிபி விட்டு ஒடைக்காதீங்க, ஆள வச்சுப் பிரிச்சு எடுங்க. அந்தக் காலத்துத் தேக்கு இன்னைக்கு வாங்குனா கை சுடும். கரையான் இருக்கான்னு மட்டும் தட்டிப் பாத்துக்கங்க.

கள்ளிக்குடி கதிர்
வாசக்கால் இருக்கு மதினி, அப்பத்தா வீட்டது, நல்ல கனம். ஆனா உயரம் அஞ்சரை அடிதான், குனிஞ்சுதான் போகணும்.

கொத்தனார் மகன்
அத பூஜை ரூமுக்கு வச்சுக்கங்கண்ணே, குனிஞ்சு போனா நல்லதுதான்.
எப்ப ஆரம்பிக்கிறீங்க? ஐப்பசி கார்த்திகையில கரிசல்ல வாணம் தோண்டாதீங்க, குழி பூராம் தண்ணி நின்னு ஓரம் சரிஞ்சு உள்ள விழும், எறைக்கிற டீசல் காசுக்கு ரெண்டு லோடு ஜல்லி வாங்கலாம். மார்கழியில வீட்டுல பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க. தை 12 வாஸ்து நாள், வாசன் சாரும் சந்தோசப்படுவாரு, அதுல தோண்டுனா சித்திரைக்குள்ள ரூஃப் போட்ரலாம். ரூஃப் போட்டா பாத்தி கட்டி தண்ணி நிறுத்துங்க, ஏழு நாள்னு புக்குல இருக்கும், சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டுன்னா பத்து நாளுக்கு கொறையக் கூடாது, நம்மூரு சித்திரை வெயிலுக்கு பதினாலே நிறுத்துங்க. டேங்கர் தண்ணியா இருந்தாலும் சரி.
லேபர் காண்ட்ராக்ட் மட்டும் குடுக்குறதா இருந்தா சொல்லுங்க, திருமங்கலத்துல ரெண்டு டீம் தெரியும். கட்டுன வீட்டக் கூட்டிட்டுப் போய் காட்டச் சொல்றேன், புது வீட்டக் காட்டுனா பாக்காதீங்க, அஞ்சு மழை பாத்த வீடா கேளுங்க.

வாஸ்து வாசன்
தை 12 நல்ல நாள்தான். ஆனா நேரம் முக்கியம், அது தனியா சொல்றேன்.

கள்ளிக்குடி கதிர்
தையிலதான்ணே. டீம் நம்பர் உள்டப்பில அனுப்புங்க. பாண்டிண்ணே, ஸ்ட்ரக்சுரல் டிராயிங் உங்ககிட்டயே போட்டுக்கலாமா, ஃபீஸ் எவ்வளவுன்னு சொல்லுங்க. பெரியத்தை ரூம் கீழயே வரணும், மாடி ஏற முடியாது அவங்களுக்கு, அந்த ஆயிரத்துல அது எப்டி வரும்னு ஒரு தடவ வரஞ்சு பாத்துட்டு இங்கயே போடுறேன்.